என் ஊசியை அப்பாவுக்குக் கொடுத்திருக்கலாமா?

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராணிப்பேட்டை பக்கம். 2021 ஜனவரி கடைசியில், மருத்துவமனை ஊழியர் என்ற கணக்கில் எனக்குக் கொரோனா தடுப்பூசி கோவிஷீல்டு போட்டார்கள். அப்போது எனக்கு 29 வயது. அப்பாவுக்கு 57. ஷூ கம்பெனியில் வேலை, ஆறு வருடமாகச் சர்க்கரை. மார்ச்சில் ஊசி போடப் போனவரை, சர்க்கரைக்குப் பத்து வருடம் ஆகவில்லை, டாக்டர் சான்றிதழும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரலில் 45 வயதானவர்கள் எல்லோருக்கும் என்று அறிவித்தபோது, கூட்டம் குறையட்டும் என்றார். நடிகர் விவேக் இறந்ததும் பயந்துவிட்டார். தம்பி போனில் வந்த வீடியோக்களை வேறு காட்டினான். மே முதல் வாரம் நான் வற்புறுத்தி அனுப்பினேன். ஸ்டாக் இல்லை, அப்புறம் வாங்க என்றார்களாம். 9ஆம் தேதி காய்ச்சல். 21ஆம் தேதி போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்தும் திதி வரும்போதெல்லாம் தம்பி ஒன்றையே சொல்கிறான்: "அக்கா மட்டும் முதல்ல போட்டுகினா. அத்த அப்பாவுக்குக் குடுத்திருந்தா அவரு இருந்திருப்பாரு." அப்படி மாற்றிக் கொடுக்க வழி இருந்ததா? எனக்கு முதலில், அவருக்குப் பின்னால் என்ற வரிசை நியாயம்தானா? அம்மாவுக்கு இப்போது 60. இன்னொரு தடவை இப்படி வந்தால் நாங்கள் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றிக் கொடுக்க வழி இருக்கவில்லை. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதத்தின் மற்ற எல்லா வலியும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

அன்று எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 16ஆம் தேதி நாடு முழுக்கத் தடுப்பூசி தொடங்கியது. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு மருத்துவமனையும் முன்கூட்டியே கோவின் கணினியில் ஏற்றியிருந்தது. டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை, துப்புரவுப் பணியாளர், வார்டு பாய், அலுவலகத்தில் பில் போடுகிறவர் வரை அதில் அடக்கம். பட்டியலில் பெயர் இருந்தால் போனுக்கு மெசேஜ் வரும், அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுவார்கள். உங்கள் அப்பாவின் பெயரை அன்று எந்தப் பட்டியலிலும் ஏற்ற இடமே கிடையாது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, "எனக்குப் பதில் எங்கப்பாவுக்குப் போடுங்க" என்று கேட்டிருந்தாலும் அங்கிருந்த யாராலும் போட்டிருக்க முடியாது.

நீங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த டோஸ் எங்கே போயிருக்கும்? கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஜனவரியில் எங்களுக்கு மருந்துக்குப் பஞ்சம் இல்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். முதல் நாளில் தமிழ்நாடு முழுக்க 160க்கும் மேற்பட்ட மையங்கள், மையத்துக்கு நூறு பேர் என்று ஏற்பாடு. வந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். நான் அப்போது வேலூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர். மதியம் மூன்று மணிக்கு மேல் குப்பியில் நான்கு டோஸ் மிச்சம் இருக்கும். சிஸ்டர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்கன்வாடி அம்மாவுக்கும் போன் போடுவார். "கை வலிக்குதாமே", "காய்ச்சல் வருதாமே", "அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்." சாயங்காலம் அந்த நான்கு டோஸையும் கொட்டினோம். ஏப்ரல் வரைக்குமான கணக்கில், வாங்கிய தடுப்பூசியில் 12 சதவீதத்துக்கு மேல் வீணடித்து நாட்டிலேயே முதல் இடத்தில் நின்றது நம் மாநிலம். உங்கள் கையில் ஏறிய அந்த அரை மில்லி மருந்தை நீங்கள் மறுத்திருந்தால் அது குப்பைக்கூடைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ராணிப்பேட்டைக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது கேள்வி கடினமானது. வரிசை நியாயமா?

எனக்குத் தெரிந்த தடுப்பூசி வேலை அதுவரை வேறு மாதிரியானது. போலியோ சொட்டு மருந்து நாளில் ஐந்து வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் வரலாம், ஒரே நாள், ஒரே மருந்து. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் குழந்தைக்கும், ஒடுகத்தூருக்கு மேலே மலைமேல் இருக்கும் குழந்தைக்கும் அன்றைக்கே வாயில் இரண்டு சொட்டு. யார் முதலில் என்ற பேச்சே எழாது. மருந்து போதுமான அளவு இருந்ததால் அது முடிந்தது. 2021இல் 130 கோடிக்கு மேல் மக்கள், மருந்து தயாரிப்பது இரண்டு கம்பெனி. எல்லோருக்கும் ஒரே நாளில் கதவைத் திறந்திருந்தால் முண்டியடிக்க முடிந்தவருக்குத்தான் கிடைத்திருக்கும். கையில் ஸ்மார்ட்போன், வாசலில் கார், ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் என்று இருக்கிற குடும்பம் முதலில். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருகிற உங்கள் அப்பா கடைசியில். ஆகவே வரிசை என்று ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த வரிசை என்பதில் நாட்டுக்கு நாடு வேறு வேறு முடிவு எடுத்தார்கள். பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் முதலில், அடுத்து 80 வயதைத் தாண்டியவர்களும் மருத்துவ ஊழியர்களும், பிறகு வயது வாரியாகக் கீழே இறங்கினார்கள். இந்தோனேசியா நேர்மாறாக, மருத்துவ ஊழியர்களுக்குப் பிறகு வேலைக்குப் போகும் வயதினரை முன்னால் வைத்தது. நம் நாட்டில் நிபுணர் குழு வகுத்தது இது: சுமார் ஒரு கோடி மருத்துவ ஊழியர், அடுத்து போலீஸ், துப்புரவு, வருவாய்த் துறை என்று இரண்டு கோடி முன்களப் பணியாளர், அதற்குப் பிறகு வயதானவர்களும் இணை நோய் உள்ளவர்களுமாக 27 கோடி. இதற்குள் இரண்டு நோக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி மூடிவிடக் கூடாது. சாகக்கூடியவர்களை முதலில் காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் முதல் நோக்கத்தில் வருகிறீர்கள். பில் கவுன்ட்டர்தானே, நோயாளியைத் தொடுவதுகூட இல்லையே என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளியோடு வார்டில் இருந்துவிட்டு வந்த மகன், மருமகள், மச்சான் எல்லோரும் உங்கள் முகத்துக்கு எதிரில் மூச்சு விட்டவர்கள். கவுன்ட்டரில் நான்கு பேர் ஒரே வாரத்தில் படுத்தால் அட்மிஷன் நின்றுபோகும். வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்களை வைத்தே ஒரு ஆய்வு செய்தது. 10,600 ஊழியர்களில் 8,991 பேர் ஏப்ரல் முடிவதற்குள் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் வரை பார்த்ததில், இரண்டு தவணையும் முடித்தவர்களிடம் தொற்று 65 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவை 92 சதவீதமும், ஐ.சி.யூ. தேவை 94 சதவீதமும் குறைந்திருந்தது. அந்த மே மாதத்தில் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகள் திறந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்களைப் போன்றவர்கள் எழுந்து நிற்க முடிந்ததால்தான் உங்கள் அப்பா போன்றவர்களுக்குப் படுக்கை என்று ஒன்று இருந்தது. ஜனவரி வரிசையை நான் இன்றும் சரி என்றுதான் சொல்வேன்.

மார்ச் வரிசையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

மார்ச் 1ஆம் தேதி 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் திறந்தார்கள், அது சரி. 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. இருபது நோய்களின் பட்டியலில் ஒன்றாவது இருக்க வேண்டும், அதற்குப் பதிவு பெற்ற டாக்டரின் சான்றிதழும் வேண்டும். சர்க்கரை அந்தப் பட்டியலில் வெறும் சர்க்கரையாக இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும், அதோடு இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையும் சாப்பிட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆறு வருடம். விதிப்படி பார்த்தால் அவரைத் திருப்பி அனுப்பிய ஊழியர் தவறு செய்யவில்லை. விதிதான் தவறு. சர்க்கரை எப்போது தொடங்கியது என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலில் புண் ஆறவில்லை என்று போனபோது கண்டுபிடிப்பார்கள். ஆறு வருடம் என்று அவர் சொன்னது, கண்டுபிடித்து ஆறு வருடம் என்றுதான். உடம்புக்குள் எத்தனை வருடமாக இருந்ததோ.

நானும் அந்த மார்ச்சில் திருப்பி அனுப்பினேன். பீடி சுற்றும் ஓர் அம்மா, 58 வயது. சர்க்கரையும் இருந்தது, பி.பி.யும் இருந்தது, பத்து வருடத்துக்கு மேலும் ஆகியிருந்தது. கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். "மாத்திரை இங்க கீதே டாக்டரு, சீட்டு இன்னாத்துக்கு?" என்றார். படிவம் கேட்கிறது அம்மா, எழுதி வாங்கிவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன். எழுதித் தர நானே தகுதி உள்ளவன், பேனா என் சட்டைப்பையில் இருந்தது. கூட்டத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று இரவு உறைத்தது. மறுநாளிலிருந்து வாசலிலேயே ஒரு மேஜை போட்டு, பழைய மருந்துச் சீட்டையோ மாத்திரை அட்டையையோ பார்த்து, பி.பி.யும் சர்க்கரையும் சோதித்து, தகுதி இருந்தவர்களுக்கு அங்கேயே சான்றிதழ் எழுதினோம். அந்த அம்மாவை மட்டும் சிஸ்டர் வீடு தேடிப்போய்க் கூட்டி வந்தார். வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கொரோனாவில் இறந்தவர்களில் 88 சதவீதம் பேர் 45 வயதைத் தாண்டியவர்கள் என்று மார்ச் மாதமே மத்திய சுகாதாரத் துறை சொன்னது. அப்படியானால் முதலிலேயே 45 என்று வயதை மட்டும் வைத்திருக்கலாம். ஆதாரில் பிறந்த வருடம் இருக்கிறது, வேறு சீட்டு எதற்கு? ஏப்ரல் 1ஆம் தேதி அப்படித்தான் மாற்றினார்கள். அந்த ஒரு மாதத்தில் உங்கள் அப்பா போன்றவர்கள் வாசல் வரை வந்து திரும்பினார்கள். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவரை மறுபடி வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முகாம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். கூட்டம் குறையட்டும் என்று அவர் சொன்னதில் பாதி அந்தப் பழைய அவமானமாக இருக்கலாம்.

மார்ச் தொடக்கத்தில் அவருக்குப் போட்டிருந்தால் மே 9க்குள் இரண்டாவது தவணையும் முடிந்திருக்கக்கூடும். நிச்சயம் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடியிருக்கும் என்று சொல்ல முடியும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வாய்ப்பு நழுவியது ஜனவரியில் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் இல்லை. மார்ச்சில் அவர் நின்ற வாசலில்.

மே மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 1 முதல் 18 வயதானவர்கள் எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். மருந்து வருவதற்கு முன்னால் கதவைத் திறந்தார்கள். இரண்டாம் தவணைக்கு வந்த பெரியவர்களும் முதல் தவணைக்கு வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று வெறுங்கையோடு போனார்கள். உங்கள் அப்பாவிடம் ஸ்டாக் இல்லை என்று சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அந்த வாரங்களில் அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே தொண்டை அடைத்தது.

வரிசையில் குறுக்கே புகுந்தவர்களும் இருந்தார்கள். மருத்துவ ஊழியர் என்று பொய்ப் பெயரில் பதிவு செய்கிறார்கள் என்பதால்தான் ஏப்ரல் 3ஆம் தேதி அந்தப் பிரிவில் புதிய பதிவையே மத்திய அரசு நிறுத்தியது. தம்பிக்குக் கோபப்பட ஆள் வேண்டுமென்றால் அவர்கள்மேல் கோபப்படட்டும். நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை.

இனி தம்பியைப் பற்றி. கடிதத்தில் நீங்கள் அரை வரியில் தாண்டிப்போன ஒன்றில் நான் நின்றுவிட்டேன். வீடியோக்களைக் காட்டியது அவர். விவேக் அவர்கள் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். மக்களிடம் பயத்தைப் போக்கத்தான் அவர் பத்திரிகையாளர்களை வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டார். அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பிறகு முடிவு சொன்னது. அந்த முடிவு வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த வாரம் எங்கள் முகாமிலேயே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. படித்தவர்கள், ஆசிரியர்கள்கூட வரவில்லை. உங்கள் தம்பி செய்தது அன்று ஊரே செய்தது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் செய்திருப்பார்.

ஒவ்வொரு திதிக்கும் அவர் உங்களைச் சொல்வதற்குக் காரணம், அந்த வீடியோவை அவரால் மறக்க முடியாததுதான் என்று எனக்குப் படுகிறது. நான் அவரைப் பார்த்ததில்லை, தவறாகவும் இருக்கலாம். சரியாக இருந்தால், "நீதானே காட்டினே" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. அது உண்மையாக இருந்தாலும் அவர் தாங்க மாட்டார். திதி நாளைத் தவிர்த்து வேறொரு நாளில், அம்மா இல்லாதபோது உட்கார்த்தி வைத்து இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: பட்டியல், குப்பி, நான்கு மணி நேரம், மார்ச் நிபந்தனை, மே ஸ்டாக். வேண்டுமென்றால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். முதல் நாளில் ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை, பி.பி. இருக்கிறதா என்று இப்போதே பரிசோதித்துக்கொள்ளட்டும். இருந்தால், கண்டுபிடித்த தேதி போட்ட முதல் சீட்டு மிக முக்கியம். அதைத் தூக்கிப் போடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால், அதன் பதிவு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும், பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதாரில் பிறந்த வருடம் சரியா, அதில் இணைத்த போன் நம்பர் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்பா பெயரில் வாங்கிய பழைய சிம்மிலேயே எல்லாம் இணைந்திருக்கும் வீடுகள் நிறைய. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, போட்டுக்கொண்ட ஊசிகளின் சான்றிதழ் இவற்றையெல்லாம் ஒரே கவரில் வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். அறுபது வயதில் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போடலாமா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த மாதமே கேளுங்கள். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பர் அம்மாவிடம் இருக்கட்டும். அறிவிப்பு வந்த அன்றே யாருக்கு, எங்கே, என்ன சீட்டு என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தக் கவரைத் தயார் செய்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பியிடம் கொடுங்கள். அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறவரும் அவராகவே இருக்கட்டும்.